காப்பீட்டு அட்டை இருக்கிறது, அப்புறம் ஏன் தோடு அடகுக்குப் போகிறது?

என் அத்தைக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தபோது அவர் வீட்டு பீரோவில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தது. ரேஷன் கார்டு, மாமாவின் இறப்புச் சான்றிதழ் எல்லாவற்றோடும் சேர்த்து, ரப்பர் பேண்டு போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார். குடும்பத்துக்கு வருஷம் 5 லட்ச ரூபாய் வரை செல்லும் அட்டை. ஆனால் அதை ஒரு கவுண்டரில் முதல் தடவையாக நீட்டுவதற்கு முன்பே அவருடைய தோடு அடகுக்கடைக்குப் போய்விட்டது. மேமோகிராம், ஸ்கேன், சதை எடுத்துப் பார்க்கிற பயாப்ஸி, அந்தச் சதையையே திரும்பச் சென்னைக்கு அனுப்பிச் செய்த இன்னொரு டெஸ்ட் என்று ஆறு வாரத்தில் 28 ஆயிரம் ரூபாய். எல்லாமே வெளிநோயாளியாகப் போய் எடுத்தவை. ஒரு நாள்கூடப் படுக்கையில் படுக்கவில்லை, அதனால் அட்டைக்கு வேலை வரவில்லை.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு முதலிலேயே போயிருந்தால் இதில் பெரும்பகுதி செலவே ஆகியிருக்காது, அது உண்மை. போனோம். ஸ்கேனுக்கு மூன்று வாரம் தள்ளித் தேதி கொடுத்தார்கள். கட்டி இருக்கிறது என்று தெரிந்த பிறகு மூன்று வாரம் சும்மா உட்கார்ந்திருக்க யாருக்கு மனசு வரும்? வெளியே லேபில் எடுத்துவிட்டோம். காப்பீட்டுத் திட்டத்தின் பட்டியலில் சில பரிசோதனைகளும் இருக்கின்றன, எந்த இடத்தில் எடுத்தால் செல்லும் என்று முதலில் கேட்க வேண்டும் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

நம் ஊரில் மருத்துவக் காப்பீடு கடந்த பதினைந்து வருஷத்தில் நிறைய மாறியிருக்கிறது, பெரும்பாலும் நல்லபடியாகவே. புற்றுநோய் வந்தவர்களுக்கு அதனால் சிகிச்சையின் கதவு நிஜமாகவே திறந்திருக்கிறது. ஆனால் அந்தக் கதவு மருத்துவமனைக் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கட்டிலுக்கு வந்து சேர்வதற்கு முன்னால் உள்ள வாரங்களும், கட்டிலை விட்டு இறங்கிய பிறகு உள்ள வருஷங்களும் இன்னும் வெளியேதான் கிடக்கின்றன.

முதலில் எங்கிருந்து வந்தோம் என்று பார்க்கலாம். 1968இல் அண்ணாவுக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் வந்தபோது சிகிச்சைக்கு நியூயார்க் போக வேண்டியிருந்தது. 1969 பிப்ரவரியில் அவர் காலமானார். காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அவர் பெயரில் இருக்கும் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை அந்த இழப்பின் நினைவாக வந்தது. அதற்கு முன்பே, 1954இல், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கிவிட்டது. பல பத்தாண்டுகளுக்கு ஏழை நோயாளிக்கு இருந்த வழி இதுதான்: அடையாறு, காரப்பேட்டை, பெரிய அரசு மருத்துவமனைகள், அங்கே இடமும் மருந்தும் இருந்தால் சிகிச்சை. காப்பீடு என்ற சொல்லே அந்தப் பேச்சில் கிடையாது.

2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. ஒரு குடும்பத்துக்கு நான்கு வருஷத்துக்குச் சேர்த்து 1 லட்சம். 2012 ஜனவரியில் அதன் இடத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. இதில் வருஷத்துக்கு 1 லட்சம், குறிப்பிட்ட சில சிகிச்சைகளுக்கு ஒன்றரை லட்சம். 2018 செப்டம்பரில் மத்திய அரசு ஆயுஷ்மான் பாரத் திட்டத்தைத் தொடங்க, தமிழ்நாடு தன் திட்டத்தை அதோடு இணைத்தது, வரம்பு 5 லட்சமாக உயர்ந்தது. நான்கு வருஷத்துக்கு 1 லட்சம், பிறகு ஒவ்வொரு வருஷமும் 5 லட்சம் என்பது புற்றுநோய்க்காரருக்கு எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று பாருங்கள். இந்த நோய்க்கு ஒரு தடவை ஆபரேஷன் செய்து முடித்துவிட முடியாது. ஆபரேஷன், இருபத்தோரு நாளுக்கு ஒரு தடவை கீமோ, அப்புறம் ஊரில் ‘கரண்ட் வைக்கிறது’ என்று சொல்லும் ரேடியேஷன் என்று வருஷக்கணக்கில் இழுக்கும். பழைய வரம்பில் பாதி வழியில் பணம் தீரும், சிகிச்சையும் அங்கேயே நிற்கும். பாதியில் நின்ற கீமோ உடம்பைப் படுத்திய அளவுக்குப் பலன் தராது.

இந்த மாற்றத்தின் பலனை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். சண்டிகரில் உள்ள பிஜிஐ மருத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் முன்னின்று, பல மாநிலங்களைச் சேர்ந்த 6,695 புற்றுநோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு லான்செட் குழும இதழ் ஒன்றில் வந்தது. நோய் உறுதியான 30 நாளுக்குள் சிகிச்சை தொடங்குவதைத்தான் அதில் உரிய நேரம் என்று கொண்டார்கள். ஆயுஷ்மான் திட்டத்தில் சேர்ந்திருந்தவர்களிடம் அது 90 சதவீதம் கூடியிருந்தது. ஊடகங்கள் எல்லாம் இந்த எண்ணைக் கொண்டாடின, கொண்டாட வேண்டிய எண்தான். பணம் எப்படிப் புரட்டுவது என்று சொந்தக்காரர் வீடு வீடாக அலைகிற நாட்கள் குறைந்திருக்கின்றன என்றுதான் அதற்கு அர்த்தம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கடிகாரம் நோய் உறுதியான நாளில்தான் ஓடத் தொடங்குகிறது. கட்டி தட்டுப்பட்ட நாளிலிருந்து பயாப்ஸி ரிப்போர்ட் கைக்கு வந்த நாள் வரை என் அத்தை அலைந்த ஆறு வாரம் எந்தக் கணக்கிலும் வராது.

இது ஏன் இப்படி? மருத்துவக் காப்பீடு என்கிற ஏற்பாடே ஆஸ்பத்திரியில் சேர்வதை மையமாக வைத்து உண்டானது. கால் முறிந்தால், குடல்வால் வெடித்தால், 24 மணி நேரம் படுத்தால் பணம். கீமோவும் ரேடியேஷனும் காலையில் போய் மாலையில் திரும்பிவிடக்கூடியவை என்பதால் அவற்றை டே கேர் என்று தனியாக விதிவிலக்குக் கொடுத்து உள்ளே சேர்த்தார்கள். சரி, சேர்ப்பதற்கு முன் நடந்த பரிசோதனைச் செலவு? ஆயுஷ்மான் திட்ட விதிப்படி சேர்வதற்கு முந்தைய 3 நாள், வீடு திரும்பிய பின் 15 நாள். நிமோனியாவுக்கு இந்தக் கணக்குப் போதும். மூன்று நாளில் புற்றுநோயைக் கண்டுபிடித்து, எந்த வகை, எந்த நிலை என்று முடிவு செய்து, கட்டிலுக்கு வந்துவிட யாராலும் முடியாது. பயாப்ஸி ரிப்போர்ட்டே ஒரு வாரம் எடுக்கும்.

அமெரிக்காவில் 2010இல் வந்த சட்டம் இந்த விஷயத்தைக் கொஞ்சம் வேறு மாதிரி அணுகியது. ஏற்கெனவே நோய் இருக்கிறது என்று சொல்லிக் காப்பீடு மறுக்கக் கூடாது என்பது அதில் எல்லாருக்கும் தெரிந்த பகுதி, 2014 முதல் அது நடைமுறைக்கு வந்தது. மேமோகிராம் மாதிரியான சோதனைகளுக்குப் பெரும்பாலான காப்பீட்டுத் திட்டங்கள் நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொன்னது. ஏழைகளுக்கான மெடிகெய்ட் திட்டத்தை விரிவாக்கிய மாநிலங்களையும் விரிவாக்காத மாநிலங்களையும் ஒப்பிட்டுப் பார்த்த பல ஆய்வுகள், விரிவாக்கிய இடங்களில் புற்றுநோய் ஆரம்ப நிலையிலேயே பிடிபடுவது கூடியதைக் காட்டின. அங்கேயும் ஆயிரம் குறை உண்டு, செலவு தலைசுற்ற வைக்கும், அது வேறு கதை. கண்டுபிடிக்கிற வேலையும் காப்பீட்டின் வேலைதான் என்று எழுதி வைத்தார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

நம்மிடம் அது தனித்தனியாக நடக்கிறது. 30 வயது தாண்டியவர்களுக்கு வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்க்கும் ஆரம்பச் சுகாதார நிலைய அளவில் சோதனை செய்யும் திட்டம் இருக்கிறது. ஆனால் ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு சொன்னதைப் பாருங்கள்: 30 முதல் 49 வயதுப் பெண்களில் கருப்பை வாய்ச் சோதனை எப்போதாவது செய்துகொண்டவர்கள் நாடு முழுக்க 1.9 சதவீதம், மார்பகச் சோதனை 0.9 சதவீதம். தமிழ்நாடு இதில் நாட்டுக்கே முன்னால் நின்றது, அப்படியும் நூற்றுக்குப் பத்துப் பேர்கூடத் தேறவில்லை. சோதனை ஒரு துறையிலும் காப்பீடு இன்னொரு துறையிலும் இருந்தால், நடுவில் உள்ள அந்த பயாப்ஸி யாருடைய பொறுப்பும் இல்லாமல் நோயாளியின் பர்ஸுக்கு வந்துவிடுகிறது.

அட்டை யாருக்குக் கிடைக்கும் என்பது அடுத்த விஷயம். மாநிலத் திட்டத்தில் குடும்ப வருமான வரம்பு முதலில் வருஷத்துக்கு 72,000 ரூபாய், அதாவது மாசம் 6,000. 2022இல் அதை 1,20,000 ஆக்கினார்கள். நல்ல மாற்றம்தான், ஆனாலும் மாசம் 10,000. இன்றைக்குக் கொத்தனார் வேலைக்குப் போகிற ஒருவர் மாசம் இருபது நாள் வேலை பார்த்தாலே இதைத் தாண்டிவிடுவார். நடைமுறையில் கிராம நிர்வாக அலுவலர் தருகிற வருமானச் சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் வருமானம், அதனால் பலருக்கும் அட்டை கிடைத்துவிடுகிறது. முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழர்களுக்கு இந்த வருமான வரம்பே இல்லாமல் திட்டத்தில் இடம் உண்டு, பாராட்ட வேண்டிய விஷயம். 2024 அக்டோபரிலிருந்து 70 வயது தாண்டிய எல்லாருக்கும் வருமானம் பார்க்காமல் ஆயுஷ்மான் அட்டை என்று மத்திய அரசு அறிவித்தது. மாசச் சம்பளம் 21,000 வரை வாங்குகிற தொழிலாளிக்கு இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீடு இருக்கிறது, அதில் புற்றுநோய்ச் சிகிச்சையும் சேரும். இவை எதிலும் சேராமல் நடுவில் நிற்பவர் யார்? வாடகை வண்டி ஓட்டுகிறவர், சின்னக் கடை வைத்திருப்பவர், 25,000 சம்பளத்தில் தனியார் பள்ளியில் பாடம் எடுக்கும் ஐம்பது வயது ஆசிரியை. ஏழை என்று சொல்லவும் முடியாது, ஆறு கீமோவுக்குப் பணம் எடுத்து வைக்கவும் முடியாது.

இவர்களுக்கு இருக்கிற ஒரே வழி தனியார் பாலிசி. அங்கேயும் விதிகள் மாறியிருக்கின்றன, பலருக்கு இது தெரிவதில்லை என்பதால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறைப்படுத்திய விதிப்படி, பாலிசி எடுக்கும்போதே இருந்த நோய்க்கு அதிகபட்சக் காத்திருப்பு 48 மாசத்திலிருந்து 36 மாசமாகக் குறைந்தது. 65 வயதுக்கு மேல் புதுப் பாலிசி கிடையாது என்ற தடை எடுக்கப்பட்டது. ஏற்கெனவே நோய் உள்ளவர்களுக்கும் ஏற்ற பாலிசிகளைக் கம்பெனிகள் கொண்டுவர வேண்டும் என்றும் சொன்னார்கள். இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது மொராட்டோரியம் என்கிற விதி. தொடர்ந்து ஐந்து வருஷம் பிரீமியம் கட்டிவிட்டால், ‘நீ அன்றைக்கு உன் சர்க்கரை நோயைச் சொல்லாமல் விட்டாய்’ என்று காரணம் காட்டிக் கிளெய்மை மறுக்க முடியாது. மோசடி என்று கம்பெனி நிரூபித்தால்தான் முடியும். முன்பு இது எட்டு வருஷம். ஆறு வருஷம் விடாமல் பணம் கட்டிய ஒருவருக்கு நாக்கில் புற்றுநோய் வந்தால் பழைய விதியில் அவர் நடுங்கிக்கொண்டு இருக்க வேண்டும், இப்போது அப்படியில்லை.

2024 மே மாசத்துச் சுற்றறிக்கை கேஷ்லெஸ், அதாவது நாம் கட்டாமல் கம்பெனியே மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கொடுக்கிற முறைக்கான அனுமதிக்கு ஒரு மணி நேரம், டிஸ்சார்ஜ் அனுமதிக்கு மூன்று மணி நேரம் என்று கெடு வைத்தது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டியும் போய்விட்டது.

ஆனால் பாலிசிப் புத்தகத்தின் உள்பக்கங்களையும் படிக்க வேண்டும். வாய்வழி கீமோ, உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே நோயோடு மோத வைக்கிற இம்யூனோதெரபி ஊசி, ரோபோ ஆபரேஷன் மாதிரியான நவீன சிகிச்சைகளை மொத்தமாக விலக்கக் கூடாது என்று 2019லேயே ஆணையம் சொல்லிவிட்டது. விலக்கக் கூடாது என்றார்களே தவிர, உள்வரம்பு வைக்க இடம் கொடுத்தார்கள். அதனால் 10 லட்சம் பாலிசி என்று பெருமையாக எடுத்து வைத்திருப்போம், இம்யூனோதெரபிக்கு அதில் ஒரு பகுதிதான் தருவோம் என்று உள்ளே எழுதியிருக்கும். அறை வாடகையும் அப்படித்தான். 3 லட்சம் பாலிசியில் ஒரு சதவீதம் வாடகை வரம்பு என்றால் நாளுக்கு 3,000. வேறு அறை காலியில்லை என்று 6,000 ரூபாய் அறையில் சேர்ந்தால், வாடகையில் மட்டும் பாதி போகும் என்றுதான் நினைப்போம். டாக்டர் கட்டணம், ஆபரேஷன் கட்டணம் எல்லாவற்றிலும் பாதியைப் பிடித்துவிடுவார்கள். மருந்து, பரிசோதனை, ஐசியு ஆகியவற்றில் அப்படிப் பிடிக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. டிஸ்சார்ஜ் நேரத்துப் பரபரப்பில் இதை யார் சரிபார்க்கிறார்கள்? பில்லைக் கையில் வாங்கி வரிவரியாகப் பாருங்கள், தயவுசெய்து.

அரசுத் திட்டத்துக்குத் திரும்புகிறேன். அட்டை வேலை செய்ய ஆரம்பித்த பிறகு அத்தைக்கு ஆபரேஷனுக்கும் கீமோவுக்கும் ஒரு பைசா கேட்கவில்லை. இதை நன்றியோடு எழுதுகிறேன், இந்தத் திட்டம் இல்லாமல் அவர் இன்றைக்கு இருந்திருப்பாரா என்று சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு கீமோவுக்கும் முன்னால் அனுமதி வாங்க வேண்டும். அன்றைய ரத்தப் பரிசோதனை, டாக்டர் எழுதிய சீட்டு, அப்புறம் கட்டிலில் உட்கார்ந்த மாதிரி ஒரு போட்டோ. காப்பீட்டுப் பிரிவுப் பையன் செல்போனைத் தூக்கும்போதெல்லாம் அத்தை முந்தானையை இழுத்து, முடி கொட்டிய தலையை மூடிக்கொள்வார். முகம் தெரியணும்மா என்று அவன் மெதுவாகத்தான் சொல்வான், பாவம் அவனும் என்ன செய்வான். நாலாவது தடவையில் அத்தை மூடுவதை விட்டுவிட்டார். அதே வார்டில் கேப்சிடபின் என்கிற கீமோ மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாவுக்கு விரல் நுனித் தோல் உரிந்து ரேகை மழுங்கிவிட்டது, அந்த மருந்துக்கு அப்படி ஒரு பக்கவிளைவு உண்டு. கைரேகைக் கருவி அவரை ஏற்கவில்லை. மாற்று வழி விதியில் இருக்கிறது. அது அந்த கவுண்டரில் இருந்தவருக்குத் தெரிய மத்தியானம் ஆகிவிட்டது.

போலிக் கிளெய்மைத் தடுக்க இந்தச் சோதனைகள் தேவை என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் ஆறு கீமோ என்று டாக்டர் முதல் நாளே எழுதிவிட்ட பிறகு, ஆறுக்கும் சேர்த்து ஒரே அனுமதி கொடுத்துவிட்டு, ஒவ்வொரு தடவையும் வந்தாரா என்று மட்டும் பதிவு செய்தால் போதுமே?

மருந்து விலையையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் 5 லட்சம் எவ்வளவு தூரம் வரும் என்பது மருந்தின் விலையைப் பொறுத்தது. 2012இல் நெக்ஸாவர் என்ற புற்றுநோய் மருந்துக்கு இந்தியா கட்டாய உரிமம் கொடுத்தது, அதாவது காப்புரிமை வைத்திருக்கும் கம்பெனி சம்மதிக்காவிட்டாலும் இன்னொரு கம்பெனி அதைத் தயாரிக்க அனுமதி. மாசம் சுமார் 2,80,000 ரூபாய் ஆன மருந்தை நாட்கோ கம்பெனி 8,800 ரூபாய்க்குத் தந்தது. 2019 பிப்ரவரியில் 42 புற்றுநோய் மருந்துகளுக்கு வணிக லாப வரம்பு 30 சதவீதம் என்று கட்டுப்படுத்தினார்கள். 2024 பட்ஜெட்டில் மூன்று மருந்துகளுக்குச் சுங்க வரியை நீக்கினார்கள், நுரையீரல் புற்றுநோய்க்குத் தினமும் சாப்பிடுகிற ஒசிமெர்டினிப் அதில் ஒன்று. வரி போனது நல்லதுதான், அதற்குப் பிறகும் மாசச் சம்பளக்காரர் வாங்கக்கூடிய விலைக்கு அது வரவில்லை. இது வீட்டில் தண்ணீர் ஊற்றி விழுங்குகிற மாத்திரை, கட்டிலே வேண்டாம். இன்றைய புற்றுநோய் மருத்துவம் இந்தத் திசையில்தான் வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறது, காப்பீடு இன்னும் ஆஸ்பத்திரி கேட்டிலேயே நிற்கிறது.

அப்புறம் எந்தப் பாலிசியிலும் வராத செலவு. அத்தைக்கு 25 தடவை கரண்ட் வைத்தார்கள், வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்து வாரம். ஒவ்வொரு நாளும் மிஷினுக்கு அடியில் இருப்பது பத்து நிமிஷம். அதற்காக ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவில் ஒரு அறை எடுத்தோம், அத்தை மகள் வேலையை விட்டுவிட்டு வந்தாள், ஊரில் அத்தையின் தையல் மிஷின் துணி போர்த்திக் கிடந்தது. தீபாவளித் தையல் மொத்தமும் பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டது. ரயிலில் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர், மூன்றாம் ஏசி வகுப்புகளில் முழுச் சலுகையும் கூட வருகிறவருக்கு முக்கால் சலுகையும் உண்டு, டாக்டரிடம் அதற்கான சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்கு இது மூன்றாவது வாரத்தில் பக்கத்துக் கட்டில்காரர் சொல்லித்தான் தெரிந்தது. மாவட்ட மருத்துவமனைகளில் டே கேர் புற்றுநோய் மையங்கள் மூன்று வருஷத்தில் வரும் என்று 2025 பட்ஜெட்டில் சொன்னார்கள். கீமோவுக்கு அது பெரிய உதவி. ரேடியேஷன் மிஷின் மாவட்டத்துக்கு மாவட்டம் வருகிற வரைக்கும் இந்த வாடகை அறைகள் இருக்கத்தான் செய்யும்.

யாருக்காவது வீட்டில் சந்தேகக் கட்டி என்று வந்தால் எங்களை மாதிரி தடுமாறாதீர்கள். முதல் ஸ்கேனுக்கு முன்பே அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையா என்று கேளுங்கள், எந்தப் பரிசோதனைக்கு அட்டை செல்லும் என்று காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிட்டு வெளியே லேபுக்குப் போங்கள். பயாப்ஸி எடுத்த இடத்தில் ரிப்போர்ட்டோடு சேர்த்து, சதையை மெழுகில் வைத்திருக்கிற பிளாக்கையும் ஸ்லைடையும் கேட்டு வாங்குங்கள். மருத்துவமனை மாறும்போது அது இல்லையென்றால் திரும்பவும் குத்துவார்கள், திரும்பவும் பணம். அட்டையில் சேர்ந்த சிகிச்சைக்கு மேற்கொண்டு பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், திட்டத்தின் கட்டணமில்லாத் தொலைபேசியில் புகார் சொல்ல வழி இருக்கிறது.

அரசிடம் கேட்க வேண்டியது என்னைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்று. பயாப்ஸியில் புற்றுநோய் என்று உறுதியானால், அதற்கு முந்தைய இரண்டு மாசத்துப் பரிசோதனைச் செலவையும் திட்டத்துக்குள் கொண்டுவந்து திருப்பிக் கொடுங்கள். தனியார் பாலிசிகளில் சேர்வதற்கு முந்தைய 30 நாள், 60 நாள் செலவெல்லாம் தருகிறார்கள், அதனால் இது செய்ய முடியாத காரியம் இல்லை.

அத்தை இப்போது மூன்றாவது வருஷமாக, நோய் திரும்ப வராமல் இருக்க லெட்ரோசோல் மாத்திரை சாப்பிடுகிறார், ஐந்து வருஷம் சாப்பிட வேண்டும். அரசு மருத்துவமனையில் இலவசம். ஆனால் அங்கே போய் வர பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் ஆகிற செலவு, ஒரு நாள் தையல் கூலி எல்லாம் சேர்த்தால் மாத்திரை விலையைத் தாண்டிவிடுகிறது. அதனால் ஊர் மெடிக்கல் ஷாப்பிலேயே வாங்கிக்கொள்கிறார். பில் தருவார்கள். அதையும் அந்த ரப்பர் பேண்டுக் கட்டுக்குள் சேர்த்து வைத்துக்கொண்டே வருகிறார்.